ஸ்லைடு பிலிமை வீட்டில் கழுவ முடியாதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு, படியிறங்கி வந்து நண்பர் ஒருவரோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப்போல டெல்லியில் இரண்டாம் தலைமுறை. அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகம், பிள்ளைக்கு குர்காவில் கம்பெனி வேலை. பேச்சுவாக்கில், "இப்பல்லாம் ஸ்லைடு பிலிமை வீட்லயே கழுவுறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மனிதர் சிரித்தார் பாருங்கள், காபி டபராவில் சிந்தியது.

"கலர் ஸ்லைடா? வீட்லயா? சார், அது லேப் சமாச்சாரம். 38 டிகிரி, அரை டிகிரி அப்படி இப்படிப் போகக்கூடாது. கருப்பு வெள்ளைன்னா சரி, விளையாடலாம். இதுல நெகட்டிவ்கூட கிடையாது, ஒரு வாட்டி போச்சுன்னா போச்சு. எக்ஸ்பர்ட் கையில குடுத்துடணும்."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மெட்ரோவில் துவாரகா வந்து சேரும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அந்த வயிற்றெரிச்சல்தான் கீழே வருவது. கொஞ்சம் காரம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனோடு பிறந்த பிள்ளைகளுக்காக முதலில் ஒரு விளக்கம். சாதாரணக் கலர் பிலிமில் நெகட்டிவ் வரும், அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். ஸ்லைடு அப்படி இல்லை. கேமராவுக்குள் எந்தத் துண்டு பிலிம் இருந்ததோ, அதே துண்டுதான் கடைசியில் படமாக உங்கள் கைக்கு வரும். அதை வெட்டி, இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்தில் மாட்டி, புரொஜெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எண்பதுகளில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி இது நடக்கும். அப்பா தன்னுடைய எட்டு முழ வேட்டியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவார். எதிர்வீட்டு மாமா, மாடிவீட்டு அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருப்போம். அம்மா சுண்டல் கொண்டுவந்து வைப்பாள். கரண்ட் போகாமல் இருந்தால் அம்பாசமுத்திரத்து வீடு, படித்துறை, பாபநாசத்து அருவி, ஆச்சி, ஆச்சி வளர்த்த மாடு எல்லாம் வேட்டியில் வரிசையாக வரும். டெல்லியில் வளர்ந்த எங்களுக்கு ஊர் என்பது வேட்டியின் சுருக்கத்தோடு சேர்த்துத்தான் தெரியும். எனக்கு இன்றைக்கும் தாமிரபரணி என்றால் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும் :-)

அப்பா 2019-இல் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய பரணை ஒழித்தபோது, ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் இரண்டு பிலிம் சுருள் கிடைத்தது. படம் எடுத்து முடித்தது, ஆனால் கழுவாதது. டப்பாமேல் அப்பாவின் கோழிக்கால் எழுத்தில் 'அம்பை, மே 96'. அம்மாவிடம் காட்டினேன். ஆச்சி உயிரோடு இருந்த கடைசிக் கோடை அது. அப்புறம் வீட்டையும் விற்றாயிற்று. ஊரிலிருந்து திரும்பிய கையோடு அப்பாவுக்கு கவுகாத்திக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கிறது. மூட்டை கட்டிய அவசரத்தில் பாட்டிலுக்குள் போனது அப்படியே கிடந்துவிட்டது. அந்த வீட்டைக் காட்ட எங்களிடம் இருந்தது அதற்கு முந்தைய வருஷங்களின் ஸ்லைடுகள் மட்டும்தான். அதிலும் பாதி, மழைக்காலப் பூஞ்சையில் வேர் விட்டுப்போனவை.

நானும் அன்றைக்கு என் நண்பர் கட்சிதான். எக்ஸ்பர்ட் கையில் கொடுக்க வேண்டும் என்று நம்பினேன். விசாரித்து, 'எல்லா பிலிமும் செய்வோம்' என்று போர்டு வைத்திருந்த ஒரு லேபுக்குப் போனேன். (ஊர், பேர் வேண்டாம். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு.) இரண்டில் ஒரு சுருளை மட்டும் கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்திருக்கிறது. சுருளின் மேலேயே கம்பெனிக்காரன் 'இ-6' என்று அச்சடித்திருக்கிறான். போதாது என்று நானும் கவரின்மேல் சிவப்பு மையில் 'ஸ்லைடு, இ-6 மட்டும்' என்று எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, டெல்லிவாசிகள் எல்லோருக்கும் பரிச்சயமான அந்த மந்திரத்தைச் சொன்னார். "ஹோ ஜாயேகா."

ஆகிவிடும். டெல்லியில் பிளம்பர் முதல் பாஸ்போர்ட் ஏஜெண்டு வரை இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கிலி பிடிக்கும். அன்றைக்கு ஏனோ பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தது நெகட்டிவ். ஆச்சியின் வெள்ளைச் சேலை கருப்பு. வாசல் இருட்டு வெள்ளை. சாதாரணக் கலர் நெகட்டிவைக் கழுவுகிற சி-41 ரசாயனத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். கேட்டால், "பழைய பிலிம் சார், இப்படித்தான் வரும்." பழைய பிலிம் மங்கும், நிறம் மாறும், எல்லாம் சரி. ஆனால் எந்த ஊரிலும் பழசானதற்காக ஸ்லைடு நெகட்டிவாக மாறாது! கம்ப்யூட்டரில் தலைகீழாக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். படமே போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், உருவம் தெரிகிறது. நிறம்தான் கண்டபடி இருக்கிறது. இ-6 பிலிமில் உள்ள சாயப் பொருள்கள் ஒரு வகை டெவலப்பரோடு சேர்வதற்காகச் செய்யப்பட்டவை, சி-41-இல் இருப்பது வேறு வகை. ஆச்சியின் முகம் மணல் கொட்டினது மாதிரி இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

இப்போது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். ஸ்லைடில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, அதனால் நிபுணரிடம் கொடு என்கிறார். நான் அதே காரணத்தை வைத்துத்தான் எதிர்ப்பக்கம் சொல்கிறேன். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதாலேயே, அது போனால் யாருக்கு வலிக்குமோ அவன்தான் கழுவ வேண்டும். அந்தக் கவுண்டர்க்காரருக்கு ஆச்சி யார்? அவருக்கு அது அன்றைய நாற்பதில் ஒரு கவர். போனால், "சாரி சார், பணம் வாபஸ்." நான் பணத்தையா கேட்டேன்?

திறமையான, அக்கறையான லேப்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கும் ஒரு இக்கட்டு உண்டு, அதை யாரும் கவுண்டரில் சொல்ல மாட்டார்கள். இ-6 ரசாயனத்தைக் கலக்கி வைத்தால் காற்றுப் பட்டுப் பட்டு வீரியம் குறையும். தினமும் நிறைய சுருள் ஓடி, ஓட ஓடப் புது ரசாயனம் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் தொட்டி நிலையாக இருக்கும். கல்யாண வீடு, பத்திரிகை, விளம்பரம் என்று எல்லோரும் டிஜிட்டலுக்குப் போனபிறகு அந்த ஓட்டம் எங்கே? வாரத்துக்கு நாலு சுருள் வருகிற தொட்டி, விருந்தாளி வராத வீட்டின் சாம்பார் மாதிரி. சூடு பண்ணிச் சூடு பண்ணி ஓட்டுவார்கள். வீட்டில் நான் கலக்குவது அன்றைக்குக் காலையில் கலக்கியது.

வீட்டில் முடியாது என்பது எவ்வளவு பெரிய கட்டுக்கதை தெரியுமா? 1946-இல் கோடாக் கம்பெனி எக்டாக்ரோம் பிலிமைச் சந்தைக்கு விட்டபோது அதன் விசேஷமே இதுதான்: படம் எடுக்கிறவரே ரசாயனப் பெட்டி வாங்கித் தானே கழுவிக்கொள்ளக்கூடிய முதல் கோடாக் கலர் பிலிம் அது. அதற்கு முன்னால் 1935-இல் வந்த கோடாக்ரோமை அப்படிச் செய்ய முடியாது. அதில் சாயப் பொருள் பிலிமிலேயே இருக்காது, கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாகச் சேர்க்க வேண்டும், அதற்குத் தொழிற்சாலை வேண்டும். எக்டாக்ரோமில் சாயப் பொருள் பிலிமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1976-இல் வந்த இ-6 முறை அதற்கு முந்தைய இ-4-ஐவிட இன்னும் எளிது. ஆக, செய்தவனே 'நீயே கழுவிக்கொள்' என்று விற்ற சாமானை, எழுபத்தைந்து வருஷம் கழித்துக் காபி டபராவோடு உட்கார்ந்துகொண்டு முடியாது என்கிறோம்.

சரி, அந்த 38 டிகிரி பூச்சாண்டி. துல்லியமாகச் சொன்னால் பாரன்ஹீட்டில் 100.4. இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? டாக்டர்கள் காய்ச்சல் என்று கணக்கெடுக்கிற அளவு அதுதான். நம் வீட்டு அம்மாக்கள் நெற்றியில் புறங்கையை வைத்து, "நூறு இருக்கும், இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகாண்டாம்" என்று தீர்ப்புச் சொல்கிற சூடு. டெல்லிக் குளிரில் பாலின் சூடு பார்த்து, உறை ஊற்றி, போர்வை சுற்றி அடுப்பு மேடையில் வைத்துத் தயிர் எடுக்கிற பெண்மணி இருக்கிற வீட்டில் வந்து சூட்டைப் பற்றி எவனோ பயமுறுத்துகிறான். நாமும் பயப்படுகிறோம்!

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர், டிஜிட்டல், இந்தக் குறுகிய எல்லைக்குள் அருமையாகக் காட்டும். என் சமையல் தெர்மாமீட்டர் 2 டிகிரி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தான். இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து, ரசாயன பாட்டில்களையும் பிலிம் டாங்கையும் அதில் கழுத்தளவு நிறுத்திவிட்டால் வாளி சட்டென்று ஆறாது. ஆறினால் ஒரு சொம்பு வெந்நீர். மே மாதமென்றால் அதுவும் வேண்டாம், மொட்டைமாடி டாங்க் தண்ணீரில் ஐஸ் போட்டு இறக்க வேண்டியிருக்கும். ஜனவரியில்தான் கொஞ்சம் பாடு.

இன்னொரு ரகசியம். அந்தக் கண்டிப்பான அளவு, 0.3 டிகிரிக்குமேல் பிசகக்கூடாது என்பது, கோடாக்கின் குறிப்பிலேயே முதல் டெவலப்பருக்கு மட்டும்தான். கலர் டெவலப்பரில் கொஞ்சம் தளர்வு. பிளீச், பிக்ஸருக்கெல்லாம் 33-லிருந்து 39 வரை எதுவானாலும் சரி. முதல் டெவலப்பர் எவ்வளவு நேரம்? ஆறு நிமிடம். ஆக இந்த மொத்தப் பயமும் ஒரு வாளித் தண்ணீரை ஆறு நிமிடம் ஒரே சூட்டில் வைத்திருப்பதைப் பற்றியது! குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற நேரம்கூட இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மிச்சப் பயமும் போய்விடும். முதல் டெவலப்பர் சாதாரணக் கருப்பு வெள்ளை டெவலப்பரின் சொந்தக்காரன்தான். வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி உப்பை மட்டும் கருப்பு வெள்ளியாக்கும். பிலிமில் மிச்சமிருக்கும் உப்பு, வெளிச்சம் படாத இடத்து உப்பு. அதுதான் நமக்கு வேண்டிய நேர்ப்படம். அடுத்து ரிவர்சல் என்கிற கட்டம், மிச்ச உப்பு முழுவதையும் வெளிச்சம் பட்டது மாதிரி ஆக்கிவிடும். கலர் டெவலப்பர் அந்த உப்பை வெள்ளியாக்கும், ஆக்கும்போதே அங்கங்கே சாயமும் பிறக்கும். பிளீச்சும் பிக்ஸரும் வெள்ளி எல்லாவற்றையும் கரைத்து வெளியே அனுப்பிவிடும். மிஞ்சுவது சாயம் மட்டும். கோடாக்கின் முழு முறையில் இது ஆறு தொட்டி, கழுவுதல் தனி. வீட்டுப் பெட்டிகளில் ரிவர்சலைக் கலர் டெவலப்பரோடும், பிளீச்சைப் பிக்ஸரோடும் சேர்த்து மூன்றே பாட்டிலாகக் கொடுக்கிறார்கள். மொத்த இருட்டு வேண்டியது பிலிமை டாங்குக்குள் சுற்றும்போது மட்டும். நான் ராத்திரி பாத்ரூம் கதவிடுக்கில் ரஜாயைத் திணித்துவிட்டு அதைச் செய்கிறேன். டாங்க் மூடியபிறகு லைட்டைப் போட்டுக்கொண்டு பாட்டு கேட்கலாம்.

நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் இரண்டாவது சுருளை எடுத்துக்கொண்டு நேரே வாளிக்குப் போனால் நானும் அந்த லேப்காரரும் ஒன்று. புதுப் பிலிமில் நாலு சுருள் பழகினேன். புதுப் பிலிம் இன்றைக்குக் கொள்ளை விலை, ஒரு சுருள் விலையில் குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிட்டுவிடலாம். வீட்டு அம்மணி கணக்குக் கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன். 2012-இல் எக்டாக்ரோமை நிறுத்தியே விட்டார்கள், 2018-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதால் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சுருள் கும்மிருட்டு. அந்தத் தெர்மாமீட்டரின் உபயம்: 38 என்று நான் நம்பிய தண்ணீர் உண்மையில் 36. ஸ்லைடில் முதல் டெவலப்பர் குறைந்தால் படம் இருட்டும், கூடினால் வெளுக்கும், நெகட்டிவுக்கு நேர் எதிர். இரண்டாவது சுருளைப் பிக்ஸரிலிருந்து எடுத்துப் பார்த்தால் பால் கலந்த மாதிரி ஒரே நீலப் பூச்சு. போச்சு என்று பாத்ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டு வந்து, ஒரு மணி நேரம் கழித்து மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா, கலரா இருக்கு!" ஸ்லைடு பிலிம் ஈரத்தில் அப்படித்தான் பால் மூடியிருக்கும், காயக் காயத் தெளியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. லோதி தோட்டத்து மாலை வெயில், அவளுடைய ஆரஞ்சு ஸ்வெட்டர், பின்னால் நாய் ஒன்று. விரல் அகலத் துண்டில் எல்லாம் இருந்தது.

என் கோபம் லேப்காரர்மேல் மட்டும் இல்லை. இதைச் சித்து வேலை மாதிரி ஆக்கி வைத்திருக்கிற நம் போட்டோப் பிரியர்கள்மேலும்தான். புதிதாக ஒருவன் கேள்வி கேட்டால், "முதல்ல பத்து வருஷம் கருப்பு வெள்ளை பண்ணு" என்று குருகுலவாசம் விதிப்பார்கள். அல்லது பிலிமின் ஆன்மா, வாசனை என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். வாசனையாம்! பிக்ஸர் நாற்றம் அடித்தால் என் மனைவி பால்கனிக்கு விரட்டுகிறாள். பிலிமுக்குத் திரும்புங்கள் என்று நான் யாரையும் அழைக்கவில்லை. மகளின் பிறந்தநாளை நானும் போனில்தான் எடுக்கிறேன். நான் பேசுவது, ஏற்கெனவே எடுத்து முடித்து, உங்கள் பரணில் கிடக்கிற சுருளைப் பற்றி. மாற்றலுக்கு மேல் மாற்றல் வாங்கிய நம் அப்பாக்களின் வீடுகளில் இது நிறையவே கிடக்கிறது. எங்கள் பழைய குவார்ட்டர்ஸ்க்காரர் ஒருவர், நொய்டாவுக்கு வீடு மாறும்போது கழுவாத சுருள் ஏழெட்டை "இனிமே எவன் கழுவித் தரப்போறான்" என்று கபாடிவாலாவிடம் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். எவனும் கழுவித் தரமாட்டான் என்று அவர் நம்பியதற்கு, முடியாது முடியாது என்று ஓதிய அத்தனை பேரும் பொறுப்பு.

எல்லாச் சுருளும் பிழைக்கும் என்று ஆசை காட்டவும் மாட்டேன். முதலில் சுருளின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். இ-6 என்றால் இந்த வழி. சி-41 என்றால் அது நெகட்டிவ், அதற்கு வேறு ரசாயனம். கே-14 அல்லது கோடாக்ரோம் என்றால் நிறத்தை மறந்துவிடுங்கள். உலகத்தில் அதைக் கடைசியாகக் கழுவிய அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லேப் 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு வாங்குவதை நிறுத்திவிட்டது. (கோடாக் தயாரித்த கடைசிக் கோடாக்ரோம் சுருளில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படங்களில் பல நம் ராஜஸ்தானிலும் மும்பையிலும் எடுத்தவை என்பது உபரித் தகவல்.) கருப்பு வெள்ளையாக மட்டும் உருவத்தை மீட்கலாம். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ ஸ்லைடு கிடைத்தால் தயவுசெய்து இந்த வாளிக்குள் விடாதீர்கள். அது வேறு முறை, 38 டிகிரி சூட்டுக்குச் செய்த பிலிமே அல்ல.

இன்னொரு சண்டையும் பாக்கி. 'கிச்சன்லயே ஸ்லைடு கழுவலாம்' என்று வீடியோ போடுகிற பிள்ளைகளுக்கு: தம்பிகளா, கிச்சனில் வேண்டாம். கலர் டெவலப்பர் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அளக்கிற டம்ளர், கலக்குகிற கரண்டி எல்லாம் தனி, மறுபடி சமையலுக்குத் திரும்பக்கூடாது. வேலை முடிந்ததும் அத்தனையையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, சாயங்காலம் யமுனையின் நுரையைப் படம் எடுத்துப் போட்டுப் புலம்பவும் கூடாது. தீர்ந்த பிக்ஸரில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அதில் இரும்பு நாரைப் போட்டு (எவர்சில்வர் நார் அல்ல, துருப்பிடிக்கிற சாதா இரும்பு நார்) சில நாள் வைத்தால் வெள்ளி கருப்புச் சேறாக அடியில் படியும். நான் எல்லாவற்றையும் கேனில் சேர்த்து, வெள்ளி எடுக்கிறவருக்குப் போடும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கொடுத்துவிடுகிறேன். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் நீங்கள் லேபுக்கே போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போர்டை நம்பாமல், 'உங்கள் இ-6 தொட்டியைக் காட்டுங்கள், போன வாரம் எத்தனை சுருள் ஓடியது' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்பாவின் இரண்டாவது சுருளைப் போன வருஷம் அக்டோபரில் கழுவினேன். இருபத்தைந்து வருஷத்துக்குமேல் டெல்லி வெயிலையும் கவுகாத்தி ஈரத்தையும் பார்த்த பிலிம். அந்த மாதிரிப் பிலிமில் வெளிச்சம் படாத இடத்திலும் தானாகவே ஒரு மூட்டம் ஏறியிருக்கும். முழு நேரம் முதல் டெவலப்பரில் வைத்தால் ஸ்லைடு வெளுத்துப்போகும். இருட்டில் கையால் தடவி, முன்பக்கம் ஒரு ஜாண் பிலிமை மட்டும் வெட்டி முதலில் கழுவிப் பார்த்தேன். ஆறு நிமிடம் வைத்ததில் பழுப்புக் கண்ணாடி மாதிரி வந்தது. வெட்டிய இடம் ஒரு படத்தின் நடுவில் போயிருக்கிறது, திண்ணையும் தூணும் ஒரு பாதியில் நிற்கிறது. அதற்காக இன்னும் வருத்தம்தான். ஆனால் அந்த ஒரு ஜாணைக் காவு கொடுக்காவிட்டால் முழுச் சுருளும் அதே கதிக்குப் போயிருக்கும். எந்த லேப் என் சுருளில் ஒரு ஜாண் வெட்டிப் பார்த்து யோசிக்கும்? மிச்சத்தை நாலே முக்கால் நிமிடம் வைத்தேன்.

அம்மா பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாளிக்கு வெந்நீர் ஊற்றும் பொறுப்பு அவளுடையது. தெர்மாமீட்டரை நான் பார்ப்பதற்கு முன்னால் கையை விட்டுப் பார்த்து, "போதும்" என்பாள். இரண்டு தடவையும் சரியாக இருந்தது.

வெட்டியது போக முப்பத்து மூன்று படம். பத்தொன்பது தேறியது. மெலிசாக, முழுக்க ஒரு கத்தரிப்பூச் சாயம் ஓடி, ஓரங்களில் திட்டுத் திட்டாக. ஆனால் நேர்ப்படம், வெள்ளை வெள்ளையாகவும் கருப்பு கருப்பாகவும். அப்பா ஆட்டோமேட்டிக் வைத்து ஓடிவந்து நின்றிருக்கிறார் போல, ஒன்றில் பாதிக் கண் மூடியிருக்கிறார். ஆச்சி அடுக்களை வாசலில் முறத்தோடு. நான் பத்தாம் வகுப்பு மீசையோடு படித்துறையில், ஆளைப் பார்த்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது. அம்மா ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அருவிக்குப் போகும் வழியில் தான் நிற்கிற படத்தில் வெகுநேரம் நின்றாள்.

"இதென்னல, ஊதாவா தெரியுது? அது பச்சைல்லா. மாம்பழக் கலர் கரை போட்ட பச்சை. திருநெல்வேலில எடுத்தது."

பிலிம் பழசும்மா, அப்படித்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். லேப்காரர் சொன்ன அதே வாக்கியம் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். பிலிம் ஏன் கத்தரிப்பூவாகிறது என்று உட்கார்ந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஸ்கேன் செய்து அந்தப் பச்சையைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மஞ்ச" என்கிறாள்.

காபி நண்பர் நேற்று ராத்திரி போன் செய்தார். அவருடைய பரணிலும் மூன்று சுருள் இருக்கிறதாம், பெங்களூரில் தங்கை கல்யாணம், 1993. இரண்டில் இ-6 என்று போட்டிருக்கிறது, ஒன்றில் எழுத்து அழிந்துவிட்டது என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டுவரட்டா?" என்று கேட்டார். கையுறை அவரையே வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.